தண்ணீர் ஊற்றியவர்

மொழிபெயர்ப்பாளனுக்கு விதவிதமான வேலைகள் வரும். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதத்திலிருந்து தேர்தல் அறிக்கை வரை தமிழாக்கியிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பதற்கான குறிப்புகளைத் தமிழில் எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

கேட்டவன் டொரான்டோவில் வசிக்கும் என் சித்தி மகன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி உண்டு. ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு வீட்டில் 4 செடிகள் வரை வளர்க்கலாம். வெளியே பனி கொட்டுவதால், நிலவறையில் சின்னக் கூடாரம் போட்டு, விளக்கும் மின்விசிறியும் மாட்டி, முதல்முறையாக வளர்க்கத் தொடங்கியிருந்தான். இடையில் மூன்று வாரம் வெளியூர் வேலை. "அண்ணா, அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றான்.

எம்.ஏ. தமிழ் படித்தது வீண் போகவில்லை. நாற்று, தழைக்கும் பருவம், பூக்கும் பருவம் எல்லாம் கைவசம் இருந்தன. இந்தச் செடி இரவு நீண்டால்தான் பூக்கும். அதனால் தழைக்கும்வரை தினம் 18 மணி நேரம் வெளிச்சம். பூக்கவைக்க அதை 12 மணி நேரமாகக் குறைக்க வேண்டும். இருட்டு நேரத்தில் கூடாரத்தைத் திறந்து விளக்குப் போடக் கூடாது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியை முன்பே அகற்றாவிட்டால் பெண் பூவெல்லாம் விதையாகிவிடும். பேரக் குழந்தை இருக்கும் வீடு. அறைக்குப் பூட்டு அவசியம்.

நான் நாசூக்காக எல்லா இடத்திலும் 'செடி' என்றே எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சித்தி போன் செய்தார். "கஞ்சாவைக் கஞ்சான்னு எழுதறதுக்கு என்னடா? நான் என்ன பச்சைக் குழந்தையா?"

நான் தயங்கியது அந்த இடத்தில் அல்ல. புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு அதிகமாகத் தண்ணீர் ஊற்றுவது என்ற வரியில் பேனா நின்றுவிட்டது.

2009இல் டில்லி நீதிமன்றம் ஒன்றில், இந்தி தெரியாத தமிழ்க் கட்டடத் தொழிலாளி ஒருவருக்காக மொழிபெயர்க்கப் போனேன். அவருடைய குடிசை வாசலில், தகர டின்னில் ஒரு கஞ்சாச் செடி. டில்லியில் அது சாலையோரக் களை. நீதிபதி கேட்டதற்கு அவர் சொன்னார்: "தானா முளைச்சது சார். துளசிக்கு ஊத்தும்போது, வாடிக் கிடக்குதேன்னு இதுக்கும் தண்ணி ஊத்தினேன்."

நான் இந்தியில், "தானாக முளைத்தது, தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்" என்றேன். வாக்கியம் நன்றாக முடியட்டும் என்று நானாகச் சேர்த்த சொல் 'வளர்த்தேன்'. துளசியையும் வாட்டத்தையும் விட்டுவிட்டேன்.

1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சா வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு செடி, நான்கு செடி என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை. அதே சட்டம், பூ சேராத வெறும் இலையைக் கஞ்சாவாகக் கருதுவதில்லை. அதனால்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற பாங் கடைகள் நடக்கின்றன.

அன்று அவருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. 14 மாதம் கழித்து விடுதலையானார் என்று வழக்கறிஞர் சொன்னார். என் சொல்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் போய்த் திருத்தியிருக்கலாம். அடுத்த வேலை காத்திருந்தது, போகவில்லை.

டொரான்டோவில் மூன்று வாரம் முடிந்தது. இலைகள் மஞ்சளாகி, இரண்டு செடிகள் அழுகிவிட்டன. மகன் கோபித்துக்கொண்டானாம். சித்தி என்னிடம் முறையிட்டார்:

"தொட்டியைத் தூக்கிப் பாரு, கனம் குறைஞ்சா மட்டும் ஊத்துன்னு நீ எழுதியிருந்தே. நான் இல்லேங்கல. ஆனா வாடிக் கிடந்துச்சுடா. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஊத்தினேன்."

மகனிடம் சமாதானம் சொல்லச் சொன்னார். சித்தி சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னேன்.