அலையைப் பேச வைக்கலாம், வாங்க!

மாமல்லபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் மஸ்லின் துணி ஏற்றிய துறைமுகம். அவர்களின் செங்கல் கோட்டையும் கல்லறைகளும்தான் மிச்சம். 1782-ல் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் பீரங்கியால் சுட்டுக்கொண்ட கடலில், இன்று அலைச் சத்தம் மட்டுமே!

அதை செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அது பொக்கிஷம். ரோபோ பாடுவதுபோல் குரலை மாற்றுமே 'வோகோடர்', அதற்குத்தான். 1930-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி தொலைபேசிக்காக உருவாக்கியது. மைக்கில் பேசும் குரலைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தையும் கீபோர்டு ஒலியின் மீது ஏற்றிவிடும்.

கீபோர்டில் புல்லாங்குழல் ஒலி வைத்தால் வார்த்தை புரியாது. 'ஸ்', 'ஷ்' கேட்கத் தேவையான உச்ச அதிர்வுகள் அதில் குறைவு. கரகரப்பான ஒலிதான் சரி. அலை இரைச்சலிலோ அடி முதல் உச்சம் வரை எல்லாமே உண்டு. வோகோடர் சாப்ட்வேரில் கீபோர்டுக்குப் பதில் அதைக் கொடுத்து, ஊர்ப் பெயரை மைக்கில் சொல்லிப் பாருங்கள். கடலே கிசுகிசுக்கும்!

காற்றுக்கு முதுகு காட்டி நின்று பதிவு செய்யுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஸ்பீக்கர், கீபோர்டெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.