இருக்கையும் கிண்ணமும்

மாணாக்கன் ஆசிரியனிடத்து எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கு நன்னூல் இரண்டு உவமைகளைக் காட்டுகிறது. குளிர் காய்பவன் நெருப்பை விட்டு விலகுவதும் இல்லை; அதனை மிக நெருங்குவதும் இல்லை. அவ்வாறே மாணாக்கனும் ஆசிரியனை நீங்காமலும் மிக அணுகாமலும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. நிழல் பொருளைப் பிரியாதது போல, நிறைந்த உள்ளத்தோடு அவனைத் தொடர்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது அச்சம் கலந்த மதிப்பு. பின்னது அன்பு கலந்த உறவு. கேமரன் மலையின் விடியற்குளிரில் அடுப்பங்கரையில் குளிர் காய்ந்துவிட்டுப் பெரட்டுக்கு நடந்த தோட்டத் தொழிலாளிக்கு முதல் உவமை உரையின்றியே விளங்கியிருக்கும். இரண்டாம் உவமையோ வாழ்ந்து பார்த்தாலன்றி யாருக்கும் விளங்குவதில்லை.

கிறித்தவ நெறி கூறும் சீடன் இந்த இரண்டாம் உவமைக்கு உரியவன். பழைய தமிழ் வேதாகமம் 'சீஷன்' என்று எழுதியது. இன்று 'சீடன்' என்கிறோம். நற்செய்தி நூல்கள் முதலில் எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் கற்பவன் என்பதே பொருள். ஆனால் அவன் ஏட்டைக் கற்பவன் அல்லன். ஒருவரின் வாழ்வைக் கற்பவன். நிழலுக்கெனத் தனிவழி கிடையாது. பொருள் மேட்டில் ஏறினால் நிழலும் ஏறும். பள்ளத்தில் இறங்கினால் நிழலும் இறங்கும். இயேசு பெருமானின் வழியோ பெரும்பாலும் பள்ளத்தை நோக்கியே சென்றது. ஆகவே, கிறித்தவச் சீடனாக வாழ்வது யாது என்னும் வினாவை, மேடும் பள்ளமும் கண்கூடாகத் தெரிகின்ற ஓரிடத்தில் நின்று கேட்பது நன்று. தேயிலைத் தோட்டம் அத்தகைய இடம்.

பகாங் மாநிலத்தில், தித்திவங்சா மலைத்தொடரின்மேல் அமைந்தது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே செமாய் முதலிய பூர்வகுடியினர் அக்காடுகளில் வாழ்ந்து வந்தனர். 1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர்ப் பிற தோட்டங்களும் தோன்றின. தமிழகத்திலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் அச்சரிவுகளில் நிரை பிடித்து நின்று, ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளினர். கவாத்து வெட்டினர். மழையிலும் பனியிலும் கூடை சுமந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள்; கிறித்தவர் சிலர். மாரியம்மன் கோயிலும் சிறு செபக்கூடமும் அடுத்தடுத்து இருக்கும் வாழ்வு மலேசியத் தோட்டப்புறத்துக்குப் புதிதன்று.

தோட்டத்தின் அமைப்பே ஓர் ஏணி போன்றது. மேட்டில் துரையின் பங்களா. சற்றுத் தாழக் கிராணிமாரின் வீடுகள். அதற்கும் கீழே தொழிலாளர் லயம். யார் யாருக்கு முன் எழுந்து நிற்க வேண்டும், யார் எந்த வாசல்வரை வரலாம் என்பதெல்லாம் எழுதப்படாத சட்டங்களாய் இருந்தன. ஏணியில் இருப்பவன் மேற்படியைப் பார்த்து ஏங்குவதும் கீழ்ப்படியைப் பார்த்து மறப்பதும் இயல்பு. சீடத்துவம் இந்த இயல்போடுதான் மோதுகிறது.

இம்மோதலை மாற்கு நற்செய்தி ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறது. செபதேயுவின் மக்களாகிய யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, அவர் அரியணை ஏறும் காலத்தில் வலப்புறத்தில் ஒருவரும் இடப்புறத்தில் ஒருவரும் அமர வரம் கேட்கின்றனர். அவரோ இருக்கையைப் பற்றிப் பேசாமல், தாம் பருகப்போகும் கிண்ணத்தில் அவர்களால் பருக இயலுமா என்று வினவுகிறார். இயலும் என்று அவர்கள் விரைந்து விடை கூறுகின்றனர். மற்றச் சீடர்கள் சினம் கொள்கின்றனர். அவர்கள் சினந்தது அவ்விருவரின் ஆசை தவறு என்பதாலா, அல்லது அவ்விருக்கைகள் தங்களுக்குக் கிட்டாமற்போகுமே என்பதாலா? இயேசு அனைவரையும் அழைத்து, ஆள்வோர் மக்களை அடக்கி ஆள்வது உலக வழக்கம் என்றும், தம்மைப் பின்பற்றுவோரிடையே பெரியவனாக விரும்புகிறவன் ஊழியனாக வேண்டும் என்றும் உணர்த்துகிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அச்சகோதரர் கேட்ட வலமும் இடமும் இறுதியில் யாருக்குக் கிடைத்தன? சிலுவையில் இயேசுவின் இருபுறமும் இருந்தவர்கள் இரு குற்றவாளிகளே. தாம் கேட்ட இருக்கை எத்தகையது என்பதைச் சீடர்கள் அப்போது அறியவில்லை. பின்னாளில் யாக்கோபு ஏரோது மன்னனின் வாளுக்கு இரையானதாகத் திருத்தூதர் பணிகள் என்னும் நூல் கூறுகிறது. இருக்கை கேட்டவன் கிண்ணத்தைப் பருகக் கற்றுக்கொண்டான். சீடனின் வளர்ச்சி என்பது இதுவே: இருக்கையிலிருந்து கிண்ணத்துக்கு வருவது.

இருக்கையின் மீதுள்ள ஆசை மனிதனை என்ன செய்யும் என்பதற்கு மலாயாத் தோட்டப்புற வரலாறே சான்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வேறு சில கோரிக்கைகளையும் வைத்தனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. துரைமாரையும் தோட்ட அலுவலர்களையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒருவன் சைக்கிளில் அமர்ந்து செல்வது இன்னொருவனின் பெருமைக்கு இழுக்காகத் தோன்றியது. அந்தத் துரைமாருள் ஞாயிறுதோறும் வழிபட்டவர்களும் இருந்திருப்பர். செபதேயுவின் மக்களைப் பற்றிய அந்தப் பகுதி அவர்கள் காதுகளிலும் விழுந்திருக்கும். கேட்டவரெல்லாம் சீடர் ஆவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

ஆயினும் பிறரைக் குறை கூறி அமைவது எளிது. தமிழ்க் கிறித்தவர்களின் சொந்த வரலாற்றிலும் கிண்ணம் ஒரு சோதனையாக வந்தது. திருவிருந்தில் அனைவரும் ஒரே கிண்ணத்தில் பருகுவது திருச்சபை மரபு. தஞ்சையிலும் சென்னையை அடுத்த வேப்பேரியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபையார் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தனர்; உயர்ந்தோர் எனப்பட்டவர் பருகிய பிறகே மற்றவர்க்குக் கிண்ணம் சென்றது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் எனக் கடிதம் விடுத்தார். பலர் வழிபாட்டையே விட்டு விலகினர். கீர்த்தனைகளால் தமிழ்க் கிறித்தவ இசைக்கு வாழ்வளித்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை விட மறுத்தோர் பக்கமே நின்றார். பாட்டில் கரைந்த உள்ளம் கிண்ணத்தின் முன் தயங்கியது. பக்தி வேறு, சீடத்துவம் வேறு என்பதை உணர்த்த இதனினும் துயரமான சான்று கிடைப்பது அரிது.

அந்தத் தயக்கம் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தமையால், ஊர்ப் பிரிவுகளும் உடன் வந்தன. சில தோட்டங்களில் சாதிக்கொரு லயம் ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. இந்தியாவில் இதன் வேறொரு வடிவம் நெடுங்காலம் நீடித்தது. தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் சிலவற்றில், ஒடுக்கப்பட்டவர்க்குத் தனிக் குவளை வைக்கும் கொடுமையை நாளேடுகள் பலமுறை வெளிப்படுத்தியுள்ளன. ஏழைக் கைகள் பறித்த தேயிலை. அதே நிலையில் உள்ள ஏழைக்குத் தனிக் குவளை! தேயிலை அறியாத வேற்றுமையைக் குவளை அறிந்திருந்தது.

இந்தக் கிண்ணத்தை நேர்மையோடு ஏந்தியவர்களும் தமிழரிடையே தோன்றினர். திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களுள் ஒருவர். 1910இல் எடின்பரோ நகரில் நடந்த உலக மறைப்பணி மாநாட்டில் அவர் பேசினார். மேனாட்டு மறைப்பணியாளரின் கொடையையும் தியாகத்தையும் நன்றியோடு ஏற்றுக்கொண்ட அவர், அவற்றினும் மேலாக இந்தியர் வேண்டுவது நட்பையே என்று அவர்கள் முகத்துக்கு நேரே கூறினார். ஈவது மேலிருந்தும் இயலும். நட்போ சமமாக அமர்ந்தாலன்றி இயலாது. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் திருநிலைப்படுத்தப்பட்டார். அவருக்கு வாய்த்த தோர்ணக்கல் மறைமாவட்டம் மாநகர் அன்று. தெலுங்கு நாட்டின் ஏழை ஊர்கள். நிலமற்ற வேளாண் கூலிகளாய், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களிடையே 1945இல் மறையும்வரை அவர் உழைத்தார். தமிழர் அவர், அம்மக்களின் மொழியைக் கற்று அவர்களிடம் சென்றார். இருக்கை அவருக்குக் கிடைத்தது. அவர் நாடியதோ கிண்ணம்.

பேராயர்க்கு வாய்த்தது பேராயர்க்கு. தோட்டத்துக் கிறித்தவனுக்கு வாய்த்தது என்ன? அவனுக்கு எடின்பரோ மேடை இல்லை. தராசு உண்டு. கொழுந்து நிறுக்கும் வேளையில் கூடையின் எடையையும் மழைநீரின் எடையையும் கழிப்பது தேயிலைத் தோட்ட வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பது எழுதுபவனின் மனத்தில் உள்ளது. நாள் முழுதும் சரிவில் நின்ற ஒரு தாயின் கூடையில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் கேட்பார் இல்லை. மேலிருப்பவர் மெச்சவும் கூடும். அந்த நேரத்தில் பேனா பிடித்தவனின் கையே அவன் சீடனா என்பதைச் சொல்லும். வரி தண்டிய சகேயு மனம் மாறியபோது பாட்டுப் பாடியதாக நற்செய்தி கூறவில்லை. தவறாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்ததாகவே கூறுகிறது. கணக்குப் புத்தகமும் ஒரு மறைநூல்தான் என்பதை அவன் உணர்ந்துகொண்டான்.

கூடை சுமந்தவர்க்கும் அவரவர் கிண்ணம் இருந்தது. காய்ச்சலில் கிடக்கும் அண்டை வீட்டாளின் குழந்தைக்குக் கஞ்சி வைப்பது, குடிகாரக் கணவனிடம் அடிபட்டு வந்தவளுக்குக் கதவு திறப்பது, தன்னைப் பற்றிப் புறங்கூறியவளுக்குப் பேறுகாலத்தில் துணை நிற்பது ஆகியவை எந்தச் சபைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இவற்றைச் செய்தோர் கிறித்தவர் மட்டுமே என்று சொல்வதும் பொருந்தாது. மாரியம்மனை வணங்கியவளும் செய்தாள். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவனுக்கு உதவியவன் வேற்று வழிபாட்டினன். கடந்து சென்றவர்களே கோயிலைச் சார்ந்தவர்கள். ஆகவே சீடன் அயலானுக்குக் கற்பிப்பவனாக மட்டும் இருக்க இயலாது. அவனிடம் கற்பவனாகவும் இருத்தல் வேண்டும். கற்பவன் என்பதுதானே அப்பெயரின் பொருள்!

இதற்கெல்லாம் விலை உண்டு. நாஜி ஆட்சியை எதிர்த்து நின்று 1945இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானிய இறையியலார் டீட்ரிக் போன்ஹோஃபர், சீடத்துவம் பற்றி 1937இல் வெளியிட்ட நூலில் மலிவான அருள், விலையுயர்ந்த அருள் என இரண்டைப் பிரித்துக் காட்டினார். மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு, வாழ்வை மாற்றாது விடுவது முன்னது. தோட்டத்தில் இவ்விலை தூக்குமரமாக வராது. பதவி உயர்வு தவறுவதாகவும், உறவினரின் ஏளனமாகவும், 'இவன் நம் பக்கம் இல்லை' என்னும் மேலோரின் பார்வையாகவும் வரும். சிறிய விலை எனினும் நாள்தோறும் செலுத்த வேண்டிய விலை அது.

இன்று கேமரன் மலையின் காட்சி மாறியிருக்கிறது. அன்றைய தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுள் பலர் படித்து நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். சிலர் அங்கேயே மேற்பார்வையாளராகவும் ஆசிரியராகவும் வணிகராகவும் உயர்ந்துள்ளனர். இது மகிழ்ச்சிக்குரியது. கொழுந்தெடுக்கும் வேலையில் இயந்திரங்கள் புகுந்துள்ளன. அவற்றை இயக்குவோருள்ளும், சுற்றியுள்ள காய்கறித் தோட்டங்களில் உழைப்போருள்ளும், வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். மொழி தெரியாத மண்ணில், அனுமதிச்சீட்டின் நாளை எண்ணி வாழ்பவர்கள் அவர்கள்.

அனுமதிச்சீட்டு என்னும் சொல் மலேசியத் தமிழருக்குப் புதிதன்று. 1969ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு பெற வேண்டும் என்னும் நிலை வந்தபோது, தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்து தமிழகம் திரும்ப நேர்ந்தது. எத்தனையோ குடும்பங்கள் கடலின் இரு கரைகளிலுமாகப் பிரிந்தன. அந்தத் துன்பத்தைப் பாட்டியின் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள், இன்று சரிவில் நிற்கும் அயல்நாட்டு இளைஞனை எவ்வாறு நோக்குகின்றனர்? அவன் ஊதியத்தை எழுதும் பேனா இப்போது யார் கையில் இருக்கிறது? இறுதித் தீர்ப்பைப் பற்றி இயேசு கூறிய உவமையில், அந்நியனை ஏற்றுக்கொண்டவர்கள் தம்மையே ஏற்றுக்கொண்டதாக அரசர் கூறுகிறார். அந்நியராய் வந்தவரின் வழித்தோன்றல்கள் அதைக் கேட்கும்போது, பிறர் கேட்பதைவிடச் சற்று அருகில் கேட்க வேண்டியவர்கள் ஆகின்றனர்.

துரையிடமிருந்து நீதியை எதிர்பார்த்த பாட்டனின் கண்ணோடு தன் கீழ் வேலை செய்பவனைப் பார்க்கும் பேரன் சீடனாகத் தொடங்கிவிட்டான். அவன் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கலாம். அதில் குற்றம் இல்லை. ஆனால் காலை ஓய்வில் தேநீர் வரும்போது, வந்தவனுக்கும் தனக்கும் ஒரே வகைக் கோப்பையில் அதனை ஊற்றி, அவன் ஊர்ப் பெயரைக் கேட்டு, மாதக் கணக்கை அவன் கண்முன் ஒழுங்காக முடித்துக் கொடுப்பானாயின், இருக்கை கேட்ட சகோதரர் நெடுங்காலம் கழித்துக் கற்ற பாடத்தை அவன் அந்தத் தேயிலைச் சரிவிலேயே கற்றுக்கொள்கிறான்.