தீவிலே ஒரு விளையாட்டுக் களம்

இருப்புப் பாதையே இல்லாத ஊருக்கு விடுமுறையில் செல்வது, ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு ஒரு தனிச் சுகம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கப்பலில் கடந்து அந்தமானை அடைந்தோம். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்திருந்த தலைநகருக்கு 2024 ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். செல்லுலார் சிறையைப் பற்றி எழுதாதார் இல்லை. ஆதலின் மாலை வேளையில் அங்கே கண்ட விளையாட்டுக் களம் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல விழைகிறோம்.

மாணவர்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தனர். தமிழும் வங்காளமும் இந்தியும் நிக்கோபாரியும் அங்கே ஒருங்கே ஒலித்தன. ஆட்டத்தை நடத்தியவர் ஆசிரியர் அல்லர். கழுத்தில் விசில் தொங்க நின்ற ஒரு மாணவனே. தன்னிலும் ஒரு சாண் உயர்ந்த ஆட்டக்காரன் கைகளை வீசி வாதாடியபோதும் அவன் தீர்ப்பை மாற்றவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. முடிவில் பந்துகளை எண்ணிப் பையிலிட்டு, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு சென்றான். வென்ற கோஷ்டி எது என்பது இன்று நமக்கு நினைவில்லை. அவன் முகம் நினைவிருக்கிறது.

நிக்கோபார்ப் பிள்ளைகளின் கால்பந்துக் கதையில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. பழங்குடியினரைக் காக்க 1956 இல் இயற்றப்பெற்ற ஒழுங்குமுறையின்படி வெளியார் அனுமதியின்றிக் கார் நிக்கோபாருக்குச் செல்லலாகாது, நாமும் செல்லவில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர் அத்தீவின் மூஸ் கிராமத்தில் உபதேசியாராகத் தங்கிப் பள்ளி நடத்தினார். அங்குப் பயின்ற ஹா-செவ்-கா என்னும் சிறுவன் பர்மாவிலுள்ள மாந்தலைக்குச் சென்று படித்து, ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயருடன் 1912 இல் ஆசிரியராகத் திரும்பினார். பாடத்தோடு கால்பந்தையும் தம் மக்களுக்குப் பழக்கினார். பிற்காலத்தில் அவரே 1950 இல் பேராயரானார். முதலாவது மக்களவையில் இத்தீவுகளின் உறுப்பினராகவும் அமர்ந்தார். நேற்றைய மாணாக்கனிடம் இன்று பொறுப்பை ஒப்படைத்ததன் பயன் இது.

கடல் கடந்த நாடுகளிலும் இம்முறை உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடுவர் வேலை, நீச்சல் குளத்துக் காவல், உடற்பயிற்சிக் கூடத்து மேசை வேலை ஆகியவற்றில் பெரும்பகுதியைச் சம்பளம் பெறும் மாணவர்களே பார்க்கின்றனர். முதலில் விசில், பிறகு புதியவருக்குப் பயிற்சி அளிக்கும் வேலை, அதன்பின் ஒரு மாலை முழுவதற்குமான பொறுப்பு. ஒருவன் அடிபட்டு விழுந்தால் மருத்துவரை அழைப்பவர் யார், கூட்டத்தை விலக்குபவர் யார் என்பதையும் ஒத்திகை பார்க்கின்றனர். 1950 இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டில்லார்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் வாசன் என்பார் கூட்டிய மாநாட்டிலே, கறுப்பின மாணவர்க்கான 11 கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பாளர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். அச்சங்கம் இன்று அந்நாடெங்கும் பரவியுள்ளது.

இனி நம் சங்கத்துப் பொங்கல் விளையாட்டைப் பார்ப்போம். கோடு கிழிப்பவரும் நாமே, பெயர் கூப்பிடுபவரும் நாமே, தீர்ப்புச் சொல்பவரும் நாமே. பிள்ளைகள் வரிசையில் நின்று டிபன் பாக்ஸைப் பரிசாக வாங்குவதோடு சரி. பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் அவர்கள் சங்கத்தின் பக்கமே வருவதில்லை. "அங்கே எங்களுக்கு என்ன வேலை, மாமா?" என்று ஒரு பெண் நம்மிடமே கேட்டாள்.

வரும் பொங்கலுக்கு எலுமிச்சை–கரண்டி ஓட்டத்தையும் கோணிப்பை ஓட்டத்தையும் கல்லூரிப் பிள்ளைகள் நால்வரிடம் முழுமையாக ஒப்படைத்து, கைச்செலவுக்கு ஒரு சிறு தொகையும் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் சொன்னோம். பெரியவர் ஒருவர் துணைக்கு நிற்கலாம். ஆனால் கேட்டாலன்றி வாய் திறக்கலாகாது. இந்த நிபந்தனைக்குத்தான் ஆள் கிடைப்பது அரிது.

"சண்டை வந்தால் என்ன செய்வது?" என்று வினவினார் மூத்த உறுப்பினர் ஒருவர். சென்ற ஆண்டும் சண்டை வந்தது. கயிறிழுக்கும் போட்டியில் வந்தது. இட்டவர்கள் யாவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள்.