எங்கள் ஏரியாவில் குற்றமே இல்லையாம்!

வருடத்துக்கு ஒருமுறை பேப்பரில் ஒரு செய்தி வரும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அறிக்கை வெளியிட்டிருக்கிறது, பெருநகரங்களில் இது பாதுகாப்பானது, அது மோசம் என்று. உடனே நம்மாட்கள் "பாத்தியா, எங்க சென்னைய!" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார்கள். டெல்லியில் படிக்கும் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு நாள் நன்றாகப் பொழுது போகும்.

அந்த எண் எப்படி வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கணக்கு ரொம்ப எளிது. போலீஸ் பதிவு செய்த வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் வகுக்கும் எண் 2011 கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. சென்னைக்கும் புறநகருக்கும் சேர்த்து 86 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 2021ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அதற்குப் பிறகு ஓ.எம்.ஆர். பக்கம் எத்தனை அடுக்குமாடிகள் முளைத்தன என்று உங்களுக்கே தெரியும். அவற்றில் குடிவந்த கூட்டம் எல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். எனக்கு உறுத்துவது மேலே இருக்கும் எண். அது குற்றங்களின் எண்ணிக்கை இல்லை, எழுதப்பட்ட குற்றங்களின் எண்ணிக்கை. கேரளா பல வருடங்களாகப் பட்டியலில் மேல் வரிசையில் நிற்கிறது. அங்கே தெருவில் நடக்கவே முடியாது என்றா அர்த்தம்? புகார் கொடுக்கிறார்கள், பதிவாகிறது. பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று அந்தக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. யார் அதைப் படிக்கிறார்கள்!

இனி எங்கள் ஏரியா. தென்சென்னையில் ஒரு குடியிருப்புப் பகுதி. பெயர் சொல்லவில்லை, ஏன் என்று படித்தால் புரியும். வீட்டுத் தரகர்கள் "சார், பீஸ்ஃபுல் ஏரியா, ஃபேமிலிங்க மட்டும்தான்" என்று விற்கும் இடம்.

2023 டிசம்பர், மார்கழி பிறந்த வாரம். எதிர்வீட்டு ஆன்ட்டி விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் தாலிச் செயினைப் பிடித்து இழுத்தான். ஐந்து பவுன். கழுத்தில் கயிறு அறுத்த மாதிரி சிவப்புக் கோடு. கோலமாவு டப்பா தெரு முழுக்க உருண்டு கிடந்தது. அந்த அம்மாவுக்கு நகை போனதைவிட, தாலி போயிற்றே, வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான் பயம். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்டேஷனுக்கே கிளம்பினார். அம்மாவும் நானும் கூடப் போனோம்.

மனு வாங்கிக்கொண்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். வெளியூர் நண்பர்களுக்காக: சி.எஸ்.ஆர். என்றால் உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு. வழக்கு கிடையாது, எஃப்.ஐ.ஆர். கிடையாது. வருடாந்திர அறிக்கையில் அது ஏறாது. இரண்டாம் முறை போனபோது, "எங்கயாவது அறுந்து விழுந்திருக்கும்மா, காணாம போச்சுன்னு எழுதிக் குடுங்க, சுலபமா முடிஞ்சிடும்" என்றார் ஒருவர். கழுத்தில் கோடு இன்னும் ஆறவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். லலிதா குமாரி வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும். அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். ஸ்டேஷனில் மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் தபால் அனுப்பலாம். மூன்றாவது முறை அந்தத் தீர்ப்பின் இரண்டு பக்கப் பிரின்ட்அவுட்டோடு போனோம். அன்றைக்கு இருந்த அதிகாரி வேறொருவர். படித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, போட்டுக் கொடுத்தார்.

செயின் இன்றுவரை கிடைக்கவில்லை. எங்கள் ஏரியாவின் குற்ற எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூடியது :-)

(அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் "பறிப்பு" என்ற பெயரில் தனிக் குற்றமே இல்லை. திருட்டு என்று 379லோ கொள்ளை என்று 392லோ போடுவார்கள். 2024 ஜூலை முதல் வந்த நியாய சன்ஹிதாவில்தான் 304வது பிரிவாகத் தனியாக வந்திருக்கிறது. இனி எண்ணவாவது செய்யலாம்.)

இதில் எனக்கு ஆச்சரியம் போலீஸ் இல்லை, எங்கள் குடியிருப்போர் சங்கம்தான். செகரட்டரி அங்கிள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏம்ப்பா, எஃப்.ஐ.ஆர். வரைக்கும் போகணுமா? ஏரியா பேரு கெட்டுடும். நாளைக்கு ஃபிளாட் விக்கணும்னா யார் வாங்குவா?" ஆக, எண்ணைக் குறைத்துக் காட்ட போலீஸ் மட்டும் தனியாக உழைக்கவில்லை. நாமும் கைகொடுக்கிறோம். எங்கள் தெருவில் அதற்கு முன்பே இரண்டு பறிப்புகள் நடந்திருந்தன என்பது ஆன்ட்டிக்கு நடந்த பிறகுதான் வெளியே வந்தது. இரண்டு வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்திருந்தால் அந்த இருட்டில் தனியாகக் கோலம் போட உட்கார்ந்திருப்பாரா?

வகுப்புத் தோழி ஒருத்தி தன் அக்காவுக்கு வீடு பார்க்க, எந்த ஏரியாவில் கிரைம் குறைவு என்று என்னிடம் கேட்டாள். எண்ணைப் பார்க்காதே, ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பார் என்றேன். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961லேயே நியூயார்க்கை வைத்து இதை எழுதிவிட்டார். தெருவைக் காப்பது முதலில் அங்கே கடை வைத்திருப்பவர்கள், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள், போகிற வருகிறவர்களின் கண்கள்தான், போலீஸ் அப்புறம்தான் என்று. எங்கள் தெருவுக்கு அந்தக் கண் இஸ்திரி வண்டிக்காரர். காலை ஏழு முதல் இரவு எட்டு வரை வேப்பமரத்தடியில் நிற்பார். மூன்று பறிப்புகளில் ஒன்றுகூட அவர் நிற்கும் நேரத்தில் நடக்கவில்லை.

2017க்குப் பிறகு சென்னை போலீஸ் "மூன்றாவது கண்" என்று ஊரெல்லாம் கேமரா வைக்கச் சொன்னபோது எங்கள் தெருவிலும் இரண்டு வைத்தார்கள். அன்றைக்கு அதில் பதிவானது ஒரு ஹெல்மெட்டும் மண் பூசிய நம்பர் பிளேட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேமரா "டேய், யாருடா அது?" என்று குரல் கொடுக்காது.

இப்போது சங்கத்தில் புதுத் தீர்மானம் வரப்போகிறது. இன்னும் நான்கு கேமரா வாங்க வேண்டுமாம். கூடவே, தெரு அசிங்கமாகத் தெரிகிறது என்று இஸ்திரி வண்டியை அங்கிருந்து எடுக்கச் சொல்ல வேண்டுமாம். எரியாத மூன்று தெருவிளக்குகள் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஆன்ட்டியும் வருகிறேன் என்றிருக்கிறார். எங்கள் வீட்டு ஓட்டு அப்பாவிடம் இருக்கிறது. இரண்டு நாளாக அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பிடி கொடுக்கவில்லை.