விற்க முடியாத மேசை

ஷேக்கர் பாணி மேசை வேண்டும் என்று அமெரிக்கக் கடைகளில் கேட்டால், விற்பவர் முதலில் சொல்லும் சொல் 'எளிமை'. பூவேலை இல்லை, பளபளப்பு இல்லை, தேவையில்லாத ஒரு கோடுகூட இல்லை. பார்ப்பதற்கு எளிமைதான். செய்கிறவளுக்குத்தான் தெரியும், ஒளித்துக்கொள்ள இடமே இல்லாத வேலை அது. செதுக்கல் நிறைந்த மேசையில் ஒரு இணைப்பு லேசாக விலகினால் கொடியோ பூவோ அதை மூடிவிடும். இதில் நான்கு கால், நான்கு சட்டம், ஒரு இழுப்பறை, ஒரு மேல்பலகை, அவ்வளவுதான். காலின் உள்பக்க முகங்கள் இரண்டை மட்டும் கீழே போகப் போக மெலிதாக இழைக்க வேண்டும். வெளிமுகங்கள் நேராக இறங்கும். மேசை மண்ணில் ஊன்றியும் நிற்கும், பாரமில்லாமலும் தெரியும்.

பதினைந்து ஆண்டுகளாக என் வீட்டுக் கராஜில் இவற்றைச் செய்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள், செய்த ஒன்றைக்கூட விற்கச் சட்டம் என்னை அனுமதிக்கவில்லை.

நான் 2009இல் திருமணமாகி நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனிக்கு வந்தவள். கணவருக்கு எச்-1பி விசா, எனக்கு எச்-4. அந்த விசாவில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சொல் 'சார்ந்திருப்பவர்'. இயந்திரப் பொறியியல் படித்து, கோவையில் மூன்று ஆண்டுகள் பம்பு வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்தவளை ஒரு முத்திரை சார்ந்திருப்பவளாக்கிவிட்டது. படிக்கலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம். சம்பாதிக்கக் கூடாது. சொந்தமாகத் தொழில் செய்து நூறு டாலர் வாங்கினாலும் விதிமீறல். என்னைப் போலப் பல்லாயிரம் பெண்கள் அந்த ஆண்டுகளில் இந்த நாட்டின் அடுக்ககங்களில் பட்டச் சான்றிதழ்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

படிக்கலாம் என்றார்களே, அதனால் ஒரு மாலை நேர மரவேலை வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு பேரில் நான் ஒருத்திதான் பெண். உளியும் இழைப்புளியும் பயமுறுத்தவில்லை, வேலை மேசையின் உயரம்தான் படுத்தியது. அது 35 அங்குலம், நான் ஐந்தடி ஒரு அங்குலம். இழைப்புளியைத் தள்ளுவது கையின் பலத்தால் அல்ல, இடுப்பிலிருந்து வரும் உடலின் எடையால். மேசை உயரமாக இருந்தால் எடை இறங்காது, தோள்தான் நோகும். இரண்டாவது வாரம் ஒரு மாணவர் பரிவோடு சொன்னார், இது பெண்களுக்குக் கொஞ்சம் கடினமான வேலைதான் என்று. நான் கராஜில் முதலில் செய்தது எனக்கான வேலை மேசை. உயரம் 31 அங்குலம். அதன் பிறகு தோள் நோகவில்லை.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஆசாரி வேலை செய்யவா அமெரிக்கா போனே?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை இருக்கிறது பாருங்கள். நம் ஊரில் இந்தத் தொழிலுக்குச் சாதி உண்டு, அந்தச் சாதிக்குள்ளும் உளி ஆண் கையில்தான். எங்கள் வீட்டுக்குக் கதவு நிலை செய்ய வந்தவருக்குத் திண்ணையில் தனி டம்ளர் வைத்த வீடுதான் எங்களுடையது. அவர் செய்த நிலை இன்றும் ஒரு மயிரிழை விலகாமல் நிற்கிறது. அப்பாவுக்கு இதை நினைவுபடுத்தினேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஷேக்கர்களைத் தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஆல்பனி விமான நிலையத்தை ஒட்டியே அவர்களின் பழைய குடியிருப்பும் இடுகாடும் இருக்கின்றன. அங்கே புதைக்கப்பட்டிருக்கும் ஆன் லீதான் அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தவர். 1736இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். பஞ்சாலைத் தொழிலாளி, எழுதப் படிக்கத் தெரியாதவர். நான்கு பிள்ளைகளைப் பெற்று நான்கையும் பறிகொடுத்தவர். அதன் பிறகு திருமண உறவே மனிதரின் பாவத்துக்கு வேர் என்று போதித்தார். 1774இல் எட்டுப் பேரோடு கப்பல் ஏறினார். பத்தே ஆண்டுகளில் இறந்துபோனார். அவரை நம்பியவர்கள் ஆணும் பெண்ணும் துறவிகளாக, சொத்து முழுவதையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண் தலைவர்கள் எத்தனை பேரோ அத்தனை பெண் தலைவர்கள். 1796 முதல் கால் நூற்றாண்டு, அத்தனை ஊர்களுக்கும் தலைமை வகித்தவர் லூசி ரைட் என்ற பெண். அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உடலுறவைத் துறந்தால்தான் சமத்துவம் என்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் நான்கு சிறு சவப்பெட்டிகளைப் பார்த்த ஒரு பெண், கர்ப்பத்தைத் தடுக்க நம்பகமான வேறு வழியில்லாத நூற்றாண்டில், 'இனி இல்லை' என்று சொன்னதை மதநம்பிக்கை என்று மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

ஆல்பனியிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் போனால் ஹான்காக் வருகிறது. அங்கே இருக்கும் ஷேக்கர் ஊர் இப்போது அருங்காட்சியகம். எல்லோரும் அங்கே 1826இல் கட்டிய வட்டக் கல் தொழுவத்தைப் படம் எடுப்பார்கள். நான் 1830இல் கட்டிய செங்கல் வீட்டிலேயே நின்றுவிடுவேன். சுமார் நூறு பேர் வாழ்ந்த வீடு. சுவரோடு சுவராகத் தரையிலிருந்து உயர எழும் அலமாரிகள், முந்நூறுக்கும் மேற்பட்ட இழுப்பறைகள். சுவரைச் சுற்றி வரிசையாக மர முளைகள். நாற்காலியை அவற்றில் மாட்டிவிட்டுத் தரையைக் கூட்டலாம். அலமாரிக்குத் தலைப்பாகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்காததால் அங்கே தூசி படியாது. சில சாப்பாட்டு நாற்காலிகளின் முதுகு தாழ்வானது, மேசைக்கு அடியில் தள்ளிவிடலாம்.

வடிவமைப்புப் புத்தகங்கள் இதை அழகியல் என்கின்றன. வீட்டைக் கூட்டிப் பெருக்கியவளுக்கு இது வேறு மாதிரித் தெரியும். துடைப்பம் பிடித்தவளின் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட மரவேலை இது. கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் தூசி எடுத்த எந்தப் பெண்ணும் அந்த அறையில் இதைக் கண்டுகொள்வாள்.

ஆனால் கூட்டியது யார்? பெண்கள்தான். மரமறுத்தது, இழைத்தது, அலமாரி செய்தது பெரும்பாலும் ஆண்கள். சமையல், சலவை, நெசவு, சகோதரர்களின் துணியைத் தைத்துக் கொடுப்பது சகோதரிகள். தலைமையில் சரிசமமாக இருந்த இடத்திலும் வேலைப் பிரிவினை பழையபடியே இருந்தது. வட்ட ரம்பத்தை 1813 வாக்கில் டாபிதா பாபிட் என்ற ஷேக்கர் சகோதரி கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. இரண்டு ஆண்கள் ரம்பத்தை இழுத்துத் தள்ளுவதில் பாதி அசைவு வீணாவதைப் பார்த்து, நூற்பு ராட்டைச் சக்கரத்திலிருந்து யோசனை எடுத்தாராம். எனக்குப் பிடித்த கதை. ஆனால் இங்கிலாந்தில் 1777லேயே அப்படி ஒரு ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். பெண்களுக்கு வரலாறு வேண்டும் என்பதற்காக ஆதாரமில்லாததைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆதாரமுள்ளதே போதுமான அளவு இருக்கிறது.

நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். ஆல்பனிக்குப் பக்கத்தில் இருக்கும் மவுன்ட் லெபனான் ஊரிலிருந்து ஷேக்கர் நாற்காலிகள் நாடெங்கும் விற்பனைக்குப் போயின. 0 முதல் 7 வரை எண்ணிட்ட அளவுகள், குழந்தைக்கும் உண்டு, பெரிய உடலுக்கும் உண்டு. உட்காரும் இடத்தில் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியவர்கள் சகோதரிகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அப்போது ஊர்களைத் தாங்கியதில் சகோதரிகளின் கைவேலைக்குப் பெரும் பங்கு உண்டு: தையல் பெட்டிகள், கூடைகள், மேலங்கிகள். 20ஆம் நூற்றாண்டில் லிலியன் பார்லோ, சாரா காலின்ஸ் என்ற இரு சகோதரிகள் அந்த நாற்காலித் தொழிலையே நடத்தினார்கள். கடைசல் இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண் நிற்க, ஆண்களில் பெரும்பாலோர் போய் முடிய வேண்டியிருந்தது!

அவர்கள் விற்றார்கள். நான் கொடுத்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் பதினொரு மேசைகள். நண்பர்களின் புதுவீட்டுக்கு, வளைகாப்புக்கு, ஊர் திரும்பிப் போனவர்களுக்கு. "எவ்வளவு நல்ல பொழுதுபோக்கு" என்பார்கள். என் கணவரைப் பார்த்து, "நீங்கள் குடுத்துவைத்தவர்" என்பார்கள். அவர் நல்லவர்தான், மரம் தூக்க வருவார், கராஜை எனக்கு விட்டுவிட்டுக் காரைப் பனியில் நிறுத்துவார். ஆனாலும் செர்ரி மரப் பலகை வாங்க அவருடைய அட்டையை நீட்டும்போது என் கை கொஞ்சம் கூசும். ஊதியமில்லாத உழைப்பைப் பற்றி எத்தனை கட்டுரைகள் படித்திருந்தாலும் அந்தக் கூச்சம் போகவில்லை.

எச்-4 பெண்களில் ஒரு பகுதியினர் வேலை செய்யலாம் என்ற விதி 2015 மே மாதம் வந்தது. கணவரின் நிரந்தரக் குடியுரிமை மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். எனக்கு அடுத்த ஆண்டு அட்டை வந்தது. முதல் மேசையை 400 டாலருக்கு விற்றேன். மரத்துக்கும் எண்ணெய்க்கும் போக, என் ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தது பத்து டாலர்கூட இல்லை. காசோலையில் என் பெயர் மட்டும் இருந்தது. வங்கியில் போட இரண்டு நாள் மனசு வரவில்லை.

இப்போது செய்துகொண்டிருப்பது தையல் மேசை. ஷேக்கர் சகோதரிகளுக்காகச் செய்யப்பட்ட ஒரு வடிவம், இரண்டு பக்கமும் இழுக்கிற மாதிரி இழுப்பறைகள், இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து தைப்பதற்கு. கேட்டிருப்பவர் ஓய்வுபெற்ற செவிலியர், தோழியோடு சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர். இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்து முழங்கை உயரத்தை அளந்துகொண்டேன். விலைப்பட்டியலில் மணிக்கணக்கைத் தனித்தனியாக எழுதினேன்: அறுப்பு, இழைப்பு, இணைப்பு, எண்ணெய், கராஜைக் கூட்டியது மூன்று மணி நேரம். அந்தக் கடைசி வரியில் அவர் விரலை வைத்தார். பிறகு, இழுப்பறைக் குமிழ் மேப்பிளில் வருமா என்று கேட்டார்.

வலப்பக்க இழுப்பறை இப்போது லேசாக இறுகுகிறது. ஆகஸ்ட் மாத ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது. வீட்டில் ஹீட்டர் போடத் தொடங்கினால் தானே சுருங்கும். அதுவரை அதை இழைக்காமல் வைத்திருக்கிறேன்.