சுவர்மேல் போட்ட பழி

அந்த வீட்டுச் சுவர்களைப் பற்றி நான் சொன்னது பொய்.

வீடுகளுக்கு ஸ்மார்ட் விளக்கு, சென்சார் பொருத்துவது என் தொழில். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். அவருடைய வயதான தாயார் இரவில் எழுந்து நடந்தால் கூடத்து விளக்கு தானாக எரிய வேண்டும். மோஷன் சென்சாரையும், கருவிகளை இணைக்கும் ஹப்பையும் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருந்தார். சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் ரிலேயை நான் இங்கே வாங்கினேன். எல்லாவற்றிலும் இசட்-வேவ் என்ற கம்பியில்லாத் தொடர்பு முறையின் முத்திரை இருந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

ரிலே ஹப்போடு சேரவே இல்லை. "பழைய காலத்துச் சுவர் சார், ரொம்பத் தடிமன். சிக்னல் போகலை" என்றேன். சிக்னலைக் கடத்த ரிப்பீட்டரும் விற்றேன். அதுவும் இந்தியச் சந்தைக்கானது, அதுவும் சேரவில்லை.

ஹப்பின் அடியில் பொடி எழுத்தில் 908.42 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்ததை அன்றைக்கே பார்த்துவிட்டேன். இசட்-வேவின் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 908.42, ஐரோப்பாவில் 868.42, இந்தியாவில் 865.2. சுவரையே இடித்துப் போட்டாலும் அந்த ஹப் சொல்வது இந்த ரிலேயின் காதில் விழாது. அதைவிட மோசம், 890 முதல் 915 வரை இங்கே செல்பேசிகள் டவரோடு பேசும் இடம். உரிமமில்லாமல் அங்கே ஒரு கருவியை இயக்கக் கூடாது. இவ்வளவும் தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டியவன் நான்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். ரிப்பீட்டர் பணத்தைத் திருப்பித் தர மனமில்லை என்பதும் உண்மை. அந்த அம்மா இருட்டில்தான் நடந்துகொண்டிருந்தார்.

"மேட்டர் வந்தாச்சு, இனி எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்" என்று சொல்லியும் நாளைக் கடத்தினேன். மேட்டர் என்பது ஸ்மார்ட் கருவிகளுக்கான பொதுத் தரம். 2022 அக்டோபரில் வந்த அது வைஃபை, ஈதர்நெட், த்ரெட் ஆகியவற்றின் மேல் ஓடுவது. இசட்-வேவ் அதில் கிடையாது. இடையில் பாலமாக ஒரு கருவியை வைத்தாலும் ரிலேயோடு அது 865.2-ல்தான் பேசியாக வேண்டும்.

கடைசியில் போய் நடந்ததைச் சொன்னேன். பணத்தைக் கொடுத்து, இந்திய அலைவரிசைக்கான ஹப்பையும் சென்சாரையும் என் செலவில் வைத்தேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இப்படி ஏதாவது அனுப்பினால், பெட்டியைத் திருப்பி அலைவரிசையைப் படியுங்கள். 908.42 என்றிருந்தால் பொருத்த விடாதீர்கள். சுவர் தடிமன் என்று பொருத்த வந்தவர் சொன்னால், அந்த எண்ணைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.