2.40 மணிப் பல்ஸ்

அந்த நைட் டியூட்டியில் 2.40-க்கு என் கையால் எழுதியது: பல்ஸ் 118, பி.பி. 110/70. கட்டிலில் இருந்த பெண்ணுக்குத் தலைப்பிரசவம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பி.பி. நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

இளவயதுத் தாயின் உடம்பு, ரத்தம் போகப் போக நாடியை ஓட வைத்து, குழாய்களைச் சுருக்கி, பி.பி.யை விழாமல் தாங்கிப் பிடிக்கும். அது விழும்போது நிறையப் போயிருக்கும். பல்ஸை மேல் அழுத்தத்தால் வகுத்தால் 0.9-ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டும்; அவளுக்கு ஒன்றையும் தாண்டியிருந்தது. இதை நான் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

3.10-க்குத் திரும்பி வந்தபோது இடுப்புக்கடியில் விரிப்பு நனைந்திருந்தது. ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், ரத்தம், தியேட்டர். உயிர் தங்கியது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

விடியற்காலையில் கேஸ் ஷீட்டோடு உட்கார்ந்தேன். "அந்த 118-ஐ 98 ஆக்கிடு, யாருக்குத் தெரியும்?" என்றார் கூட இருந்தவர். என்மேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான். நான் மாற்றவில்லை. விட்டுப்போன குறிப்புகளை, பின்னால் எழுதியது என்று நேரம் போட்டு, கீழே சேர்த்தேன். 118 என்று இருந்தால்தான் அந்த அரைமணி நேரத்தில் என்ன தவறியது என்று பிறகு யாராலும் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கும்போது, இரண்டு பேர் டியூட்டியில் எத்தனை கட்டில்கள் என்பதும் தெரியவரும்.

ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் 2000-இல், இப்படித் தவறிவிட்டுத் தவிக்கும் மருத்துவப் பணியாளர்களை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று எழுதினார். என் கை நடுங்கியது நிஜம். அதற்கு யாராவது பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்தப் பெயரை எனக்குச் சூட்டிக்கொள்ள மனம் வரவில்லை. பாதிக்கப்பட்டவள் கட்டிலில் கிடந்தாள்.

டாக்டரோடு நானும் அவள் அம்மாவிடம் போனேன். "நான் இன்னும் முன்னாடியே கவனிச்சிருக்கணும்மா." அந்த அம்மா வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "பிள்ளைக்கு எப்போ பால் குடுக்கலாம்?" என்று கேட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். அவள் மார்பில் அணைத்துப் பிடிக்க, நான்தான் கை கொடுத்தேன்.

இப்போது டியூட்டி மாற்றிக் கொடுக்கும்போது பல்ஸைத்தான் முதலில் சொல்கிறேன். போன வாரம் ஒரு மாணவி ஓடிவந்தாள்: "அக்கா, ஆறாம் கட்டில் பல்ஸ் 104. பி.பி. நார்மல்தான், இருந்தாலும்..." சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.